காற்றைத் தூணாக்கிய கூடாரம்



துவிச்சக்கரவண்டிச் சில்லுக்குக் காற்றடித்த அனுபவம் உங்களுள் அனேகருக்கு உண்டு. காற்றில்லாத ரியூப்பைக் கையில் எடுத்தால் அது துவண்டு தொங்கும். அதையே ரயருக்குள் வைத்துப் பம்மினால் காற்றை உட்செலுத்திவிட்டால், ஓர் ஆளையும் அவர் பின்னால் ஒரு மூடை அரிசியையும் தாங்கிக்கொண்டு கல்லுத் தெருவில் ஓடுகின்றது. இங்கே பாரத்தைத் தாங்குவது றப்பர் என்று எண்ணுவோமானால் தவறு. உள்ளே அடைபட்ட காற்றே தாங்குகின்றது. அதனை வெளியே போகவிடாது பிடித்துவைத்திருப்பதே றப்பருக்கும் துணிக்கும் உரிய வேலை. இந்த எளிய உண்மையைக் கொண்டு மனிதர் தங்குவதற்கு ஒரு கூடாரம் அமைக்கலாமா, அதிலும் எங்கள் தீவுகளைப் போன்ற இடங்களுக்கு ஏற்றவாறு அமைக்கலாமா என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன்.

இவ்வெண்ணம் எனக்கு உண்டானது இறுப்பிட்டியில். இறுப்பிட்டி புங்குடுதீவைச் சேர்ந்த ஓர் ஊர். புங்குடுதீவு இன்று தனித்துக் கிடக்கும் தீவன்று. வாணர் பாலத்தினால் வேலணையோடும், வேலணை பண்ணைத் தாம்போதியினால் யாழ்ப்பாணத்தோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், குறிகட்டுவான் துறையோடு தெரு முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோருக்குப் படகே வழி. மார்கழியில் வாடை வலுத்துக் கடல் கொந்தளிக்குமாயின் அந்த வழியும் அடைபட்டுப் போகும். அக்காலத்தில் நெடுந்தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், கடல் தணியும்வரை கரையிலே காத்திருக்க நேர்வதுண்டு.

புயலும் எங்களுக்குப் புதிதன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், இலங்கையின் வடபகுதியைக் கடந்த பின்னரே அக்கரை சென்றது. 2008 நவம்பரில் ‘நிசா’ என்னும் புயல் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியது. இத்தகைய நாட்களில் கல்வீட்டிலும் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் சனங்கள் ஒதுங்கித் தப்பிக்கொள்கின்றார்கள். துன்பம் மறுநாட் காலையிலேதான் தொடங்குகின்றது. கூரை போன வீட்டுக்காரர் எங்கே படுப்பது? வைத்தியர் வந்தால் எங்கே இருந்து நோயாளரைப் பார்ப்பது? பச்சைப்பிள்ளையை எந்த ஈரமில்லாத இடத்தில் வளர்த்துவது?

இதற்கு எங்கள் பழைய விடை கொட்டில். பனை வளையும் தடியும் கிடுகும் இருந்தால், நாலுபேர் கூடி இரண்டு மூன்று நாளில் ஒரு கொட்டில் போட்டுவிடுவார்கள். ஆனால் புயலுக்கு மறுநாள் கிடுகு நனைந்து கிடக்கும். மரம் தறித்துப் பிளக்க ஆளிராது. புதிய விடை தறப்பாள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் பெயர்ந்தபோதும், 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் அடைபட்டிருந்தபோதும் தறப்பாளின் கீழ் வாழ்ந்த அனுபவத்தை எம்மவர் எளிதில் மறக்கமாட்டார்கள். தறப்பாளுக்கும் தடி வேண்டும். தடி நட மண் வேண்டும். எங்கள் தீவுகளிலோ பல இடங்களில் ஒரு முழம் தோண்டுமுன் கல் தட்டுகின்றது. தடியில்லாமல் எழக்கூடியதும், சுருட்டி ஒரு வள்ளத்தில் ஏற்றக்கூடியதும், ஒரு மணி நேரத்துள் நிற்கக்கூடியதுமான ஒன்றைத் தேடப் புறப்பட்டால், சிந்தனை தானாகவே காற்றடைத்த குழாயிடம் வந்து சேரும்.

உலகம் இதனை எண்ணத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது. மோட்டார் வண்டிக் கலையில் பெயர்பெற்ற ஆங்கிலப் பொறியியலாளர் பிரடெரிக் லான்செஸ்ரர், 1917ஆம் ஆண்டில், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, போர்க்கள மருத்துவமனைக்கென ஒரு காற்றுக் கூடாரத்தை வகுத்து அதற்குக் காப்புரிமை கேட்டார். அவர் காலத்தில் அது கட்டடமாக எழவில்லை. 1948இல் அமெரிக்காவில் வோல்ரர் பேட் என்பவர், ரேடார் கருவிகளைப் பனியிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பதற்காக ஒரு துணிக் கவிகையைக் காற்றினால் எழுப்பிக் காட்டினார். இவ்விரண்டிலும் அறை முழுவதுமே காற்றடைத்த பையாகும். மனிதர் அந்தப் பைக்குள்ளே இருப்பர். வெளியிலும் உள்ளே அமுக்கம் மிகச் சிறிதளவே கூடியிருக்கும். எனினும் அந்தச் சிறிதளவைக் காப்பதற்கு விசிறி ஓயாது சுழலவேண்டும். வாசலுக்கு இரண்டு கதவு வைத்து ஒன்றை மூடிய பின்னரே மற்றதைத் திறக்கவேண்டும். புயலடித்து மின்சாரம் அறுந்த ஊருக்கு இது உதவுமா? உதவாது.

நமக்கு வேண்டியது மற்றொரு வகை. அதிலே அறையில் உள்ள காற்று நாம் மூச்சுவிடும் சாதாரண காற்றே. கூடாரத்தின் எலும்புகளாகிய குழாய்களுக்குள் மட்டுமே அமுக்கப்பட்ட காற்று அடைபட்டிருக்கும். தடிக்குப் பதிலாகக் குழாய், அவ்வளவுதான். 1970ஆம் ஆண்டு ஜப்பானில் ஒசாகா நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில், யுத்தாக்கா முராத்தா என்ற கட்டடக் கலைஞர் இவ்வாறு ஒரு மண்டபம் எழுப்பினார். ஒவ்வொன்றும் 4 மீற்றர் விட்டமுள்ள 16 குழாய்கள், 50 மீற்றர் அகலமுள்ள ஒரு வட்டத்தின் மேல் வானவில் போல வளைந்து நின்றன. எல்லாக் குழாய்களும் ஒரே நீளமானவை. வட்டத்தின் நடுவிலுள்ளவை கால்களை அகல வைத்து அரைவட்டமாக நின்றன. ஓரங்களில் உள்ளவற்றுக்குக் கால் வைக்க இடம் குறுகியதால் அவை முன்னே உயர்ந்து எழும்பின. அந்த உருவம் யாரும் அலங்காரத்துக்காக வரைந்ததன்று. நீளமும் நிலமும் சேர்ந்து தாமே பெற்றெடுத்தது. காற்று மிகும் நாளில் குழாய்களின் அமுக்கத்தைக் கூட்டிக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது.

கண்காட்சி போகட்டும், கண்ணீர் சிந்திய இடங்களுக்கு வருவோம். 2005 ஒக்ரோபரில் காஷ்மீரப் பகுதியில் பெரும் பூமியதிர்ச்சி நேர்ந்தபோது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்ற அமைப்பினர் பாகிஸ்தானில் மன்சேரா என்ற ஊரில் காற்றுக் குழாய்க் கூடாரங்களால் ஒரு மருத்துவமனையையே நிறுவினார்கள். 2010இல் ஹெயிற்றித் தீவின் தலைநகரிலும், 2013இல் பெரும்புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸ் நாட்டின் தக்லோபன் நகரிலும் அவ்வாறே செய்தார்கள். சத்திர சிகிச்சை நடந்தது, குழந்தைகள் பிறந்தன. ஆகவே இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இனி, குழாய் எவ்வாறு தடியாகின்றது என்று பார்ப்போம். துணிக்கு ஒரு குறை உண்டு: இழுத்தால் தாங்கும், நெருக்கினால் சுருங்கிப் போகும். ஒரு தடியை வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் இழுபடும். மறு பக்கம் நெருக்குப்படும். குழாயில் காற்றடைக்கும்போது துணி எல்லாப் பக்கமும் முன்னரே இழுபட்டு நிற்கின்றது. பிறகு வெளிக்காற்று அதனை வளைத்தால், நெருக்குப்படும் பக்கத்தில் அந்த முன்னிழுவை சற்றுக் குறையுமேயன்றித் துணி சுருங்காது. இழுவை முழுதும் தீர்ந்து ஒரு சுருக்கம் விழும் கணத்திலேயே குழாய் முறியத் தொடங்குகின்றது. ஆகவே குழாயின் பலம் இரண்டில் தங்கியிருக்கின்றது: உள்ளேயுள்ள அமுக்கம், குழாயின் பருமன். அமுக்கத்தை இரட்டித்தால் பலம் இரட்டிக்கும். பருமனை இரட்டித்தாலோ பலம் எட்டு மடங்காகும். துணியின் இழுவை மட்டும் இரண்டு மடங்காகும். மெல்லிய குழாயில் மிகுந்த அமுக்கம் வைப்பது பட்டாளத்தாரின் வழி. அதற்கு இயந்திரப் பம்மும் நுட்பமாக நெய்த துணியும் வேண்டும். பருத்த குழாயில் குறைந்த அமுக்கம் வைப்பதே கைப்பம்மும் தையல் இயந்திரமும் கொண்டு வேலை செய்யும் நம்மனோருக்கு ஏற்றது.

நாங்கள் எடுத்த அளவு, 25 சென்ரிமீற்றர் விட்டம். உள்ளே வைத்த மிகையமுக்கம், வளிமண்டல அமுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு. சில்லுக்குக் காற்றடிக்கும் கடைக்காரர் மொழியிற் சொன்னால் நாலரை இறாத்தல். துவிச்சக்கரவண்டிக்கு நாற்பது இறாத்தலும் அதற்கு மேலும் அடிப்பதை எண்ணினால் இது மிகக் குறைவே. இந்த அமுக்கத்தில் குழாயைச் சுற்றிய ஐந்து சென்ரிமீற்றர் அகலத் துணிப்பட்டி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 19 கிலோ நிறை தொங்கவிட்டாற் போன்ற இழுவை உண்டாகும். நீளப்பாட்டில் அதன் பாதியே. இதனாலேதான் குழாய் வெடிக்கும்போது குறுக்கே அறாது நீளப்பாட்டில் கிழிகின்றது. நீளத்தில் ஓடும் தையலே மிகுந்த பாரம் சுமக்கின்ற தையல். அதனை வெயில் படாத உட்பக்கத்தில் வைக்கவேண்டும். நூலை முதலில் தின்பது வெயில்.

ரயரும் ரியூப்பும் வேறு வேறாக இருப்பதுபோல இதிலும் இரண்டு உறை வேண்டும். வெளியே நெருக்கமாக நெய்த பொலியெஸ்ரர் துணி. அது இழுவையைத் தாங்கும். உள்ளே காற்றுப் புகாத மெல்லிய பை. அது காற்றைப் பிடிக்கும். உட்பை வெளியுறையிலும் சற்றுப் பெரிதாகத் தைக்கப்படவேண்டும். சிறிதாயின் இழுவை உட்பையின் மேல் விழுந்து அது வெடித்துப்போகும். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதற் றப்பர்க் கன்றுகளை நட்ட நாடு இது. ஆகையால் உட்பைக்கு எங்கள் றப்பரே போதாதா என்று நானும் முதலில் எண்ணினேன். இயற்கை றப்பர் காற்றை மெல்ல மெல்லக் கசியவிடுகின்றது. இந்த வேலைக்கு ‘பியூட்டைல்’ எனப்படும் செயற்கை றப்பரே மேலானது. மோட்டார் வண்டி ரியூப்புகள் பெரும்பாலும் அதனாலே ஆனவை.

இறுப்பிட்டியில் நாங்கள் முதலில் செய்து பார்த்தது ஒரே ஒரு வளைவு. எட்டு மீற்றர் நீளக் குழாயை ஐந்து மீற்றர் அகலத்துக்கு வளைத்து நிறுத்தி இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். நேரான குழாயை அப்படியே வளைத்தால் உட்பக்கம் சுருக்கம் விழும். ஆகவே காற்சட்டைக்காரர் முழங்காலுக்கு வெட்டுவதுபோல உட்பக்கத்தில் துண்டு துண்டாக ஒடுக்கி வெட்டித் தைக்கவேண்டியிருந்தது. எங்கள் தையற்காரர் இதனை எனக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கவைத்தார்; நான் நூல்களில் இரண்டு கிழமை தேடியிருந்தேன். காற்று அடிப்பதும் சிறு வேலையன்று. குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 390 லீற்றர். சாதாரண வண்டிப் பம்மினால் ஆயிரம் வீச்சுக்கு மேல் வேண்டும். றப்பர்ப் படகுகளுக்கு ஊதுகின்ற, ஏற்றத்திலும் இறக்கத்திலும் காற்றுத் தள்ளும் பெரிய பம் ஒன்று கிடைத்த பிறகு நூற்றைம்பதுக்குள் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாறி மாறி அடித்தார்கள்.

அன்று சித்திரை மாதத்து ஒரு நாள். காலையில் நாலரை இறாத்தலில் வளைவு கம்பீரமாக நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்கு அளவுமானியைப் பார்த்தால் ஆறுக்கு மேலே! தையல் விட்டுவிடுமோ என்று பயந்து, காற்றைத் திறந்துவிட்டு மறுபடி நாலரைக்குக் கொண்டுவந்தேன். மாலையில் சிறுமாரி இடியோடும் காற்றோடும் வந்தது. வந்த வேகத்தில் வளைவு நடுவே மடிந்து நிலத்தில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். அடைபட்ட காற்று சூடேறினால் அதன் அமுக்கம் ஏறும். இருபத்தைந்து பாகையிலிருந்து ஐம்பத்தைந்து பாகைக்குச் சூடேறும்போது முழு அமுக்கம் பத்தில் ஒரு பங்கே கூடுகின்றது. ஆனால் குழாயை நிறுத்துவது முழு அமுக்கமன்று. வெளிக்காற்றுக்கு மேலாக உள்ள மிகையே அதனை நிறுத்துகின்றது. அந்த மிகை நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகின்றது. நான் உச்சி வெயிலில் அந்த மிகையைத் திறந்துவிட்டேன். மழை வந்து குழாயைக் குளிரவைத்தபோது எஞ்சியிருந்தது மூன்று இறாத்தலுக்கும் குறைவு. பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. பலம் போன அதே வேளையில் காற்றும் வந்தது. எங்கள் நாட்டில் இவ்விரண்டும் பிரிந்து வருவதில்லை: மழைக் குளிரும் மழைக் காற்றும் கூடப்பிறந்தவை. குளிர்நாடுகளில் வகுத்த கூடாரங்களில், அமுக்கம் மிகும்போது தானே காற்றை வெளிவிடும் வால்வு ஒன்று பொருத்தியிருப்பார்கள். பகலில் நான் கையினாற் செய்த பிழையை அந்த வால்வு தானே செய்யும். ஆகையால் இங்கே வகுக்கவேண்டிய முறை வேறு. உச்சிவேளை அமுக்கத்தையும் தாங்கும் துணியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வால்வு வைப்பதாயின் அந்த உச்சிக்கும் மேலே, ஆபத்து வந்தால் மட்டும் திறக்கும்படி வைக்கவேண்டும். துணி வெள்ளையாக இருக்கவேண்டும். அத்துடன் ஒவ்வொரு மாலையும் விளக்கேற்றும் நேரத்தில் ஒருவர் அளவுமானியைப் பார்த்து, குறைந்திருந்தால் பம்மை எடுக்கவேண்டும்.

விழுந்து கிடந்த வளைவைப் பார்க்க வந்தவர்களில் ஒரு முதிய கடற்றொழிலாளரும் இருந்தார். சோழகத்தையும் வாடையையும் கச்சானையும் உடம்பினால் அறிந்தவர். அவர் சொன்னார்: “தம்பி, உதை நிப்பாட்டிறது பெரிய வேலையில்லை. உதை இருத்திறதுதான் வேலை.” அவர் கூற்றின் ஆழம் கணக்குப் போட்டபோதே எனக்கு விளங்கியது. கூடாரம் விழுவதைப் பற்றியே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதன் மெய்யான ஆபத்து அது பறப்பதில் இருக்கின்றது. தடிக்கும் கிடுகுக்கும் பாரம் உண்டு. காற்றுக் குழாய்க்குப் பாரமில்லை. அதன் பெருமை எதுவோ அதுவே அதன் குறை.

கவிகை போன்ற கூரையின் மேலாகக் காற்று விரையும்போது அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. வாசல் காற்றுக்கு எதிரே திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகின்றது. ஐந்து மீற்றர் விட்டமுள்ள வட்டக் கூடாரத்தை எடுத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்றில் அதனைத் தூக்கும் விசை ஏறத்தாழ 270 கிலோ நிறைக்குச் சமம். வேகம் இரட்டித்து 120 ஆனால் விசை நான்கு மடங்காகி ஆயிரம் கிலோவைக் கடந்துவிடும். முளையடித்துப் பிடிப்போம் என்றால், முன்னர் சொன்னேனே, ஒரு முழத்தில் கல். மணல்மூடை வைப்போம் என்றால் அத்தனை மூடைகளைக் கட்டிச் சுமப்பது யார்?

தீவுக்காரனுக்குக் குறைவில்லாத பொருள் ஒன்றே ஒன்று: கடல்நீர். கூடாரத்தின் அடியைச் சுற்றி 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மற்றொரு குழாயை வளையமாகத் தைத்து, அதில் காற்றுக்குப் பதிலாகக் கடல்நீரை நிரப்பினால், ஒவ்வொரு மீற்றரும் எழுபது கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஐந்து மீற்றர் வட்டத்தின் சுற்று பதினாறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மொத்த நிறை ஏறத்தாழ 1100 கிலோ. இருபது லீற்றர் வாளியால் ஐம்பத்தைந்து வாளி. ஒரு சிறிய நீர்ப்பம் இருந்தால் அரைமணி நேர வேலை. வரும்போது வெறும் துணியாக வள்ளத்தில் வந்த கூடாரம், கரையிலே ஒரு தொன் பாரத்தைப் பெற்றுக்கொள்கின்றது. குழாயை ஆறு அறைகளாகப் பிரித்துத் தைக்கவேண்டும். இல்லையேல் நிலம் சற்றுச் சரிந்திருந்தாலும் நீர் ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் வெறுமையாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். எங்கள் தீவுகளின் நல்ல தண்ணீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருப்பது. கூடாரத்தைப் பிரிக்கும்போது ஒரு தொன் கடல்நீரைக் கிணற்றடியில் அவிழ்த்துவிட்டால், உதவி செய்யப் போன நாமே அந்தக் கிணற்றை உவராக்கிவிட்டு வருவோம். கூடாரத்தை நன்னீர்க் கிணறுகளுக்கு எட்ட நிறுத்தவேண்டும். குழாயிலுள்ள நீரைக் கடலிலேயே கொண்டுபோய் விடவேண்டும். இதற்கென நீண்ட வெளியேற்றுக் குழாய் ஒன்றைக் கூடாரத்தோடு சேர்த்தே கட்டிவைக்க வேண்டும். தனியே எடுத்துச் செல்லலாம் என்று விட்டால் அது துறையிலே மறந்து கிடக்கும்.

வளைவுகளை எவ்வாறு அடுக்குவது என்பதிலும் நாங்கள் சற்றுத் தடுமாறினோம். வண்டிக் கூடாரம்போல ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது தைப்பதற்கு எளிது. ஆனால் ஒன்று சாய்ந்தால் மற்றவையும் வரிசையாகச் சாயும். மேலும் புயற்காற்று ஒரு திசையில் நிற்பதில்லை. புயல் கிழக்கிலிருந்து வந்து எங்களுக்குத் தெற்காகக் கடந்தால், காற்று முதலில் வடக்கிலிருந்தும், பிறகு கிழக்கிலிருந்தும், கடைசியில் தெற்கிலிருந்தும் வீசும். முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் உள்ள கூடாரம் அதற்கு ஈடுகொடாது. எனவே மூன்று வளைவுகளை உச்சியில் ஒன்றையொன்று குறுக்கிடவைத்து வட்டக் கவிகையாக்கினோம். ஆறு கால்களும் நீர் வளையத்தில் வந்து அமர்ந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி வால்வு உண்டு. ஒன்று ஓட்டையானாலும் மற்ற இரண்டும் கூடாரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் எழுந்து வெளியே வர அவகாசம் கிடைக்கும்.

ஓட்டை ஆகத்தான் செய்யும். பனங்கருக்கு, நெருஞ்சி, நாகதாளி, கூரிய முருகைக்கல், எலி, பீடிக் கங்கு என்று பகைவர் பலர். அடியில் பழைய தறப்பாள் விரிப்பது முதற் காவல். இரண்டாவது காவல் ஊரிலே ஏற்கெனவே இருக்கின்றது. ஒட்டுப்போடத் தெரிந்த துவிச்சக்கரவண்டிக்கடைக்காரர் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் உண்டா? உலோகச் சட்டக் கூடாரத்தின் கம்பி வளைந்தால் அதைத் திருத்தப் பட்டினம் போகவேண்டும். குழாய் கிழிந்தால் திருத்தும் வித்தை குறிகட்டுவான் தெருவிலேயே கிடைக்கின்றது. எத்தனையோ கூடார வகைகளை ஆராய்ந்தும் எனக்கு இவ்வகை மேல் விருப்பம் நிலைத்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இத்தனையும் சொன்னபின் இதன் எல்லையையும் மறைக்கக்கூடாது. புயல் வீசும்போது இக் கூடாரத்துக்குள் எவரும் இருத்தலாகாது. அந்த வேளைக்குக் கல்லாலும் கொங்கிறீற்றாலும் ஆன சுவரே தஞ்சம். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் வாழ்வதற்கும் இது ஏற்றதன்று. பகலில் உள்ளே புழுங்கும். காற்று வருகின்ற பக்கத்தில் தாழ்வாகவும் எதிர்ப்பக்கத்தில் உயரவும் திறப்புகள் வைத்தால் வெக்கை குறையும், ஆனால் தீராது. கிடுகை மேலே பரப்பினால் குளிருமே என்பீர்கள். ஈர்க்கு குத்தும், வேலியாகச் சற்று எட்ட நிறுத்தி நிழல் செய்யலாம். வெயில் துணியை ஓரிரு வருடங்களில் நைந்துபோகச் செய்யும். தற்காலிகம் என்று கொடுத்த தறப்பாள் வருடக்கணக்கில் வீடாக நின்றதை நாம் கண்டிருக்கின்றோம். காற்றுக் கூடாரத்தைக் காட்டி வீடு கட்டிக்கொடுப்பதைத் தள்ளிப்போட யாரேனும் எண்ணினால், அதற்கு இந்தப் பேச்சைத் துணைக்கு அழைக்கவேண்டாம். வைத்தியர் ஒருவர், ஒரு தாதி, நான்கு கட்டில், ஒரு பிரசவம், முதற் பத்து நாள்: அதுவே இதன் அளவு.

மூன்று வளைவுகளும் நீர் வளையமும் கூடிய கூடாரம், சென்ற ஆடி மாதத்துச் சோழகத்தில் இறுப்பிட்டி வெளியில் ஒன்பது நாள் நின்றது. நான்காம் நாள் ஆடு ஒன்று வந்து ஒரு காலைக் கடித்துவிட்டது, ஒட்டுப்போட்டோம். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளை வந்து அளவுமானி பார்த்துச் சிலேற்றில் எழுதியது. இப்போது அது சுருட்டிக் கயிறு கட்டி ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கின்றது, இரண்டுபேர் தூக்கலாம். ஐப்பசியில், வாடை தொடங்குமுன், அதைக் குறிகட்டுவானில் வள்ளமேற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுபோய், அங்குள்ளவர்களே எங்கள் கைபடாமல் நிறுத்துகின்றார்களா என்று பார்க்க ஒழுங்கு செய்திருக்கின்றோம். பெரிய பம்மைத் தாமே கொண்டுவருவதாகத் துவிச்சக்கரவண்டிக்கடைக்காரர் சொல்லியிருக்கின்றார். அன்று “இருத்திறதுதான் வேலை” என்று சொன்ன பெரியவரும் வருகின்றார், வள்ளம் அவருடையது.